ஏரிமேல் நின்ற காடு

அத்தியாயம் பதினொன்று

அன்று உறைந்த ஏரியின் மேல் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாத பலர் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

ஏரிச் சங்கத் தலைவர் ஸ்தூரே இருந்தார். ரொட்டிக்கடை நடத்தும் போதில் என்பவள் இருந்தாள். அவளும் சங்கத்தில் உறுப்பினர்தான். பள்ளி ஆசிரியர் யெர்க்கரும் அவருடைய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கள் தோர்செல் வீட்டிலிருந்து என் தம்பி ரூனே, அந்த மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவன் மகள் தூவா, அவளை விட்டு எங்கும் நகராத அவள் தம்பி ஏபே, பிறகு நான், ரூனேயின் அக்கா சிக்பிரித். ரூனேயின் மனைவி ஆனெலி இல்லை. வேறு ஒருவரும் இல்லை.

ஜனவரி பதின்மூன்றாம் தேதி வரும் க்னூத் நாளன்று எங்கள் ஊரில் கிறிஸ்துமஸை வீட்டைவிட்டு அனுப்பிவைப்பார்கள். மரத்தைச் சுற்றிக் கடைசியாக ஒருமுறை ஆடுவார்கள். கிளைகளில் தொங்கும் மிட்டாய்களைப் பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். அப்புறம் மரம் வாசலுக்குப் போகும். லாரி வந்து அள்ளிக்கொண்டுபோய் எரித்துவிடும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

இந்த வருடம் தூவா அதை ஏற்கவில்லை. மளிகைக் கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த ஸ்தூரேயை வழிமறித்து நின்றாள். பக்கத்து ஊரில் பழைய மரங்களை உறைந்த ஏரியின் மேல் கல் கட்டி வைத்துவிடுகிறார்களாம். வசந்தத்தில் பனிக்கட்டி உருகும்போது மரங்கள் மெல்ல அடியில் இறங்கிவிடுமாம். பெர்ச் மீன்கள் வந்து அந்தக் கிளைகளில் முட்டையிடுமாம். நம் அல்ம் ஏரியில் மீனே இல்லை என்று நீங்கள்தானே புலம்புகிறீர்கள், பிறகு ஏன் மரங்களை எரிக்கிறீர்கள் என்று கேட்டாள். ஸ்தூரே உருளைக்கிழங்கைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாராம்.

சங்கம் கூடிப் பேசியது. போதில் எதிர்த்தாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள். மரம் வெறும் மரமாக வர வேண்டும். ஜிகினா, கம்பி, பிளாஸ்டிக் கயிறு, ஒன்றும் கூடாது. ஒரே ஒரு மரத்தில் குப்பை இருந்தாலும் எல்லா மரங்களும் லாரிக்குத்தான். அதற்குப் பிறகு பிள்ளைகள் சங்கத்திடம் எதுவும் கேட்கக் கூடாது.

அன்றிலிருந்து தூவாவும் அவள் கூட்டாளிகளும் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வொரு மரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊசி இலைகளுக்குள் சிக்கியிருந்த வெள்ளி இழைகளை விரல் நுனியால் எடுத்தார்கள். எடுத்ததை எறியவில்லை. ஜாடியில் போட்டு, அடுத்த கிறிஸ்துமஸுக்கு இதுவே போதும், புதிதாக வாங்க வேண்டாம் என்று அந்தந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தார்கள். ஊரில் பாதிப் பேருக்குத் தங்கள் வீட்டில் எவ்வளவு ஜிகினா இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

ஊர் மரங்கள் எல்லாம் சுத்தமாகிவிட்டன. எங்கள் மரம்தான் ஆகவில்லை.

ரூனே வாங்கி வந்த மரம் அது. ஒரு பக்கம் சோகையாக இருந்தது. இறகு பிடுங்கிய கோழி மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். சொன்னது உண்மைதான். ஆனெலி அதை மனதில் வைத்துக்கொண்டாள். கடைக்குப் போய் ஒரு டப்பா வாங்கி வந்து, கிளை கிளையாக வெள்ளைப் பனியைப் பீய்ச்சிவிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது பனி இல்லை, பிளாஸ்டிக்.

தூவாவும் ஏபேயும் அந்த மரத்தைக் குளியல் தொட்டியில் படுக்கவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததைப் போன வாரம் சொன்னேன். தொட்டி முழுக்க ஊசி இலைகள். வெள்ளை மட்டும் அப்படியே இருந்தது. தூவா அழவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஏரிச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர். படகுத் துறையில் இருக்கும் பெஞ்சில் அவர் பெயர் செதுக்கியிருக்கிறது. ஊர் மரங்கள் எல்லாம் ஏரியில் நிற்கும்போது தோர்செல் வீட்டு மரம் மட்டும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? அதுவும் இந்த வேலையைத் தொடங்கியதே எங்கள் வீட்டுப் பெண் என்கிறபோது? காப்பி குடிக்கும்போது ரூனேயிடம் சொன்னேன், நம் கிணற்றுக்குப் பின்னால் ஓர் ஊசியிலை மரம் நிற்கிறது, உயரம் சரியாக இருக்கும் என்று. அவன் கோடரியைத் தேடிக்கொண்டு எழுந்ததோடு போன வாரம் நிறுத்தினேன்.

க்னூத் நாள் காலையில் மூடுபனி. ஏரி இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது, கரை எது, வானம் எது என்று பிரிக்க முடியாத ஒரு நீல வெளிச்சம். வாசலில் சறுக்கு வண்டியின் மேல் புது மரம் கட்டித் தயாராக இருந்தது. வெள்ளை மரம் விறகுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

ஏபேதான் முதலில் வெளியே வந்தான். மரத்தைச் சுற்றி வந்தான்.

"நம்ம மரம் குண்டாயிடுச்சுப்பா."

அத்தை ராத்திரி உட்கார்ந்து சுத்தம் பண்ணிவிட்டாள் என்று ரூனே சொன்னான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டு வண்டிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். தூவா வந்து மரத்தின் வெட்டுவாயில் விரலை வைத்தாள். பிசின் ஒட்டியது. விரலை மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். கேட்டிருந்தால் நான் ஏதாவது பதில் வைத்திருப்பேன்.

ஆனெலி சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும், பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினாள்.

"என் மரத்தை ஏன் பொணம் மாதிரி மூடி வெச்சிருக்கீங்க?"

"ஊர் பார்க்கறதுக்கா அது?"

"நீங்க கோழின்னு சொன்னீங்களேன்னுதான், அக்கா, அந்தப் பனிய அடிச்சேன். எனக்கு அந்த மரம் முதல்லயே பிடிச்சுத்தான் இருந்தது."

எனக்கு அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகப் படவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மதியம் வரை இறங்கவில்லை.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஏரிக்கு வந்தார்கள். நானும் ரூனேயும் மரத்தை இழுத்துக்கொண்டு போனோம். பனிக்கட்டி தாங்குமா என்று ஸ்தூரே காலையிலேயே துளை போட்டுப் பார்த்து, போகும் வழி நெடுகக் குச்சி நட்டிருந்தார். அந்தக் குச்சிகளைப் பிடித்துக்கொண்டே மூடுபனிக்குள் நடந்தோம். காலுக்குக் கீழே எங்கோ ஆழத்தில் ஏரி முனகியது. குளிர் இறுகும்போது அது அப்படித்தான் பாடும். யாரோ தூக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருக்கும். பின்னால் திரும்பிப் பார்த்தேன், ஊர் இல்லை. முன்னால் பார்த்தேன், காடு இருந்தது.

ஏரியின் நடுவில் ஒரு காடு. பிள்ளைகள் ஒவ்வொரு மரத்தையும் நிமிர்த்திப் பனியில் குத்தி நிறுத்தியிருந்தார்கள். சில மரங்கள் வழுக்கையாக, சில சாய்ந்து, ஒன்று உச்சியே இல்லாமல். கிறிஸ்துமஸ் முழுக்க ஜன்னல்களில் விளக்கோடு பார்த்த மரங்கள்தான். இது மருந்துக்கடைக்காரர் வீட்டு மரம், அது பாதிரியார் வீட்டு மரம் என்று எனக்கு அடையாளம் தெரிந்தது. ஆனால் அங்கே, அந்த நீல வெளிச்சத்தில், அவை யார் வீட்டு மரங்களும் இல்லை. எங்கோ புறப்பட்டு வழியில் சற்று நின்றிருக்கும் கூட்டம்போல இருந்தன. பிள்ளைகள் அவற்றுக்கிடையே நடந்துகொண்டு, தங்களுக்குள் ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். ஏன் மெதுவாகப் பேசுகிறீர்கள் என்று யெர்க்கர் கேட்டாராம். மீன்கள் தூங்குகின்றன என்றார்களாம்.

ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒரு கல், சணல் கயிற்றால் கட்டியிருந்தது. சணல் தண்ணீரில் மக்கிவிடும், மீன் வயிற்றில் போகாது. இதையும் பிள்ளைகள்தான் யோசித்திருந்தார்கள்.

ஸ்தூரேயும் போதிலும் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். போதில் கையுறையைக் கழற்றிவிட்டு, பேன் பார்ப்பதுபோலக் கிளை விலக்கிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். கடைசியாக எங்கள் மரம். ஸ்தூரே அதன் தண்டைத் தட்டிக்கொடுத்தார்.

"தோர்செல் வீட்டு மரம்னா இப்படித்தான் இருக்கும். கிறிஸ்துமஸ் முடிஞ்சும் ஓர் இலை கொட்டல பாரு."

என் முதுகு நிமிர்ந்தே இருந்தது. எப்போதும் நிமிர்ந்துதான் இருக்கும்.

அப்போது தூவா முன்னால் வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். எதற்குக் கழற்றினாள் என்று தெரியவில்லை, காதெல்லாம் சிவந்திருந்தது.

"ஸ்தூரே தாத்தா, இது எங்க கிறிஸ்துமஸ் மரம் இல்ல. எங்க மரத்துல பிளாஸ்டிக் பனி இருக்கு, தேச்சும் போகல. இத இப்பப் புதுசா வெட்டினோம். மரத்த வீணாக்கக் கூடாதுன்னு ஊரெல்லாம் போய்ச் சொல்லிட்டு, இங்க கொண்டுவந்து போடறதுக்குன்னே ஒரு மரத்த வெட்டிட்டோம்."

ஏரி ஒருமுறை முனகி நின்றது.

அவள் வெட்டவில்லை. காலையில் எழுந்து பார்த்தபோது அது வண்டியில் இருந்தது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் அப்பாவைக் கை காட்டவில்லை. என்னையும் காட்டவில்லை. வீட்டுக் குற்றத்தைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் குளிரில் தலையில் தொப்பிகூட இல்லாமல் நின்றாள். அவள் சொன்னதால் என்ன போகும் என்பது அவளுக்குத் தெரியும். வாரக்கணக்கில் சேர்த்த அத்தனை மரமும் லாரிக்குப் போகும். கூட்டாளிகள் ஒருவரும் அவளோடு பேச மாட்டார்கள்.

அந்த வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். இதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன் என்று போதில் தொடங்கினாள். நிபந்தனை நிபந்தனைதான், ஒன்று பொய் என்றால் மற்றதெல்லாம் என்ன நிச்சயம் என்றாள். ரூனே வாயைத் திறந்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த நிலையில் அவன் பேசினால் சரியாக வராது.

"மரத்தைக் காட்டினது நான்," என்றேன். "புள்ளைக்கு அதுல சம்பந்தமில்ல."

ஸ்தூரே என்னைப் பார்த்தார். நானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். என் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து அவர் கேட்டதில்லை. கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தூவாவின் பக்கம் திரும்பினார்.

"அந்த வெள்ளை மரம் எங்க?"

விறகுக் கொட்டகையில் என்றாள்.

"இங்க இல்லையே?"

"இல்ல."

"அப்போ ஏரில குப்பை இல்ல. இருக்கற மரம் எல்லாம் சுத்தம். போதில், நீயே தடவிப் பார்த்தேல்ல?"

போதில் கையுறையை மாட்டிக்கொண்டாள். அது ஒரு பதில்தான்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷப்படலாமா என்று அவர்களுக்கு இன்னும் நிச்சயமில்லை. ஸ்தூரே எங்கள் மரத்தைக் காட்டி, இதை மட்டும் தன்னால் ஏற்க முடியாது என்று சொன்னார். இந்த இடம் கிறிஸ்துமஸ் முடிந்த மரங்களுக்கானது. கிறிஸ்துமஸையே பார்க்காத மரத்தைத் தண்ணீரில் விட்டால், அடுத்த வருடம் ஊரில் பாதிப் பேர் மீனைச் சாக்குச் சொல்லிக்கொண்டு காட்டுக்குள் கோடரியோடு போவார்கள். அவர் சொன்னது நியாயம். ரூனே குனிந்து வண்டிக் கயிற்றை எடுத்தான். திரும்பக் கொண்டுபோய் என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெட்டிய மரத்தை வேரில் ஒட்டவா முடியும்?

"அதுக்கு இன்னும் கிறிஸ்துமஸே வரலையா?" என்று ஏபே கேட்டான்.

வரவில்லை என்றார் ஸ்தூரே.

"அப்போ இப்ப வெச்சுக்கலாமே."

தூவா தம்பியைப் பார்த்தாள். பிறகு தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, எங்கள் மரத்தை வண்டியிலிருந்து இறக்கி, காட்டின் நடுவில் இருந்த வெற்றிடத்தில் நிமிர்த்தினாள். மற்ற பிள்ளைகள் பையைத் துழாவினார்கள். ஒருவனிடம் இஞ்சி பிஸ்கட் இருந்தது, நடுவில் ஓட்டையோடு. ஒருத்தி தன் சிவப்புக் கழுத்துத் துணியைக் கிளையில் சுற்றினாள். ஏபே ஒரு கையுறையைக் கழற்றி, எட்டிய கிளையில் மாட்டினான். யெர்க்கர் ஓர் ஆரஞ்சு கொடுத்தார். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. நீலம் மெல்லக் கறுத்து, மூடுபனி தரைக்கு வந்தது. யாரோ ஒரு பிள்ளை பாட ஆரம்பித்தது. கிறிஸ்துமஸை வழியனுப்பும் பாட்டு. எல்லா வீடுகளிலும் பாடுவது. அன்று அதை வழியனுப்பாமல் வரவேற்பதற்குப் பாடினார்கள். கைகோத்துச் சுற்றினார்கள்.

பனிக்கட்டிக்கு அடியில் என்ன நடந்துகொண்டிருந்திருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. இத்தனை சின்னக் கால்கள் மேலே சுற்றும் ஓசையைக் கேட்டு மீன்கள் அண்ணாந்து பார்த்திருக்கும். மே மாதம் இந்தக் காடு அப்படியே நின்றபடி கீழே இறங்கும். மருந்துக்கடைக்காரர் வீட்டு மரமும் பாதிரியார் வீட்டு மரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பெர்ச் மீன்கள் கிளைக்குக் கிளை வெள்ளை நாடாவாக முட்டைகளைத் தொங்கவிடும், ஜிகினா மாதிரி. யாரும் அதைப் பிடுங்கிச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை.

வளையம் மரத்தைச் சுற்றி மூடவில்லை. ரூனேயும் சேர்ந்தான், ஸ்தூரேயும் சேர்ந்தார். ஏபேக்கும் ரூனேக்கும் நடுவில் ஓர் இடைவெளி அப்படியே இருந்தது. ஒரு வளையம் மூடாமல் திறந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. போய் நின்றேன். ஏபேயின் கையுறை இல்லாத கை என் கையில் இருந்தது. மீன்குஞ்சு மாதிரிச் சில்லென்று இருந்தது.

பாட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் பறித்தார்கள். பிஸ்கட்டை உடைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். ஆரஞ்சுத் தோலைத் தூவா கடைசித் துண்டுவரை பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஸ்தூரே மண்டியிட்டு, எங்கள் மரத்துக்குத் தானே கல்லைக் கட்டினார்.

அன்று வியாழக்கிழமை. எங்கள் ஊரில் வியாழன் என்றால் பட்டாணி சூப்பும் பான்கேக்கும்தான். நாங்கள் திரும்பியபோது அடுப்பில் சூப் இருந்தது, ஆனெலி இல்லை. காரும் இல்லை. ரூனே விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டு வந்தான். தார்ப்பாய் மடித்து வைத்திருக்கிறது, மரத்தைக் காணோம் என்றான்.

சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவள் வந்தாள். தலைமுடியில் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தது. கோட்டைக் கழற்றாமலே பிள்ளைகளின் தட்டைப் பார்த்தாள், சூப்பைக் கிளறினாள். மரம் எங்கே என்று ரூனே கேட்டான்.

"அதுக்கு ஒரு இடம் கிடைச்சுது," என்றாள். "எனக்கும் கிடைக்கும்போல இருக்கு."

ரூனே கரண்டியைக் கீழே வைத்தான். என்ன இடம், எந்த ஊரில் என்று அவன் கேட்கவில்லை. பிள்ளைகள் இருந்ததால் நானும் கேட்கவில்லை. அவள் கார்ச் சாவியை ஆணியில் மாட்டாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டதை மட்டும் பார்த்தேன்.

அது எங்கள் வீட்டு விஷயம். ஊர் பேசுவது வேறு. குடும்ப மானத்தை வாங்கினாள் என்று தூவாவைப் பான்கேக் கொடுக்காமல் பட்டினியாகப் படுக்க அனுப்பிவிட்டேன் என்று போதில் தன் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது பொய். அன்று தூவா, வேறு யாரும் உட்காராத என் நாற்காலியில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். அதில் உட்காரச் சொன்னது நான்.